இரண்டாம் குரல்

1877 செப்டம்பர் 9, ஞாயிறு

ஐந்து வாரத்துக்குப் பிறகு இன்று ஆலயத்தைத் திறந்தார்கள். வாந்திபேதி ஓய்ந்துவிட்டது என்று தாலுகா கச்சேரியிலிருந்து சொல்லி அனுப்பினார்களாம். கோயில்பிள்ளை யோபு அண்ணன் மணியை அடித்து முடித்த பிறகும் கயிற்றை விடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெண்கள் பக்கம் பாய் விரித்தது போக நிறையத் தரை மிஞ்சியது. பஞ்சத்தில் பாதிப் பேர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்களைப் பேதி கொண்டுபோயிற்று. பாட்டுக்காரர்கள் நிற்கும் இடத்தில், என் அக்காள் சலோமி நிற்கும் தூணில், யாரோ குடையைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

அக்காளைப் போன மாதம் தேரியில் புதைத்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு. பாதிரி ஐயரும் காய்ச்சலில் கிடந்தார். மணி இல்லை, ஜெபம் இல்லை, பாட்டு இல்லை. அத்தானும் யோபு அண்ணனும் பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் சபையில் வழிப்போக்கனைக்கூடப் பாடாமல் மண்ணுக்குள் இறக்கியதில்லை. அதற்கடுத்த வாரம் அடித்த காற்றில் தேரியின் செம்மணல் மேடெல்லாம் இடம் மாறிவிட்டது. இடம் எது என்று இப்போது அத்தானுக்கே தெரியவில்லை.

இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

செப்டம்பர் 14, வெள்ளி

கம்பு இடித்தேன். அக்காளின் மகள் கிருபை ஒரு கிண்ணம் முழுதும் குடித்தாள். மூன்று வயதுக் குழந்தைக்கு நல்ல பசி இருப்பது எவ்வளவு ஆறுதல்.

செப்டம்பர் 23, ஞாயிறு

கிறிஸ்துமஸ் பாட்டை இந்த வருஷமாவது பாட வேண்டும் என்று ஐயர் சொன்னார். அவருடைய மனைவி சீமையிலிருந்து கொண்டுவந்து, தமிழ்ச் சொல் போட்டு, நான்கு குரலாகப் பிரித்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு. போன வருஷம் அம்மாளுக்கு உடம்பு சரியில்லாமல் மலைக்குப் போய்விட்டார்கள், பாட்டு நின்றுபோனது. முதல் குரல் என்னுடையது. இரண்டாம் குரல் அக்காளுடையது. நடுவில் மற்ற மூன்று குரலும் ஓய, இரண்டாம் குரல் மட்டும் தனியாக நான்கு வரி போகும். "குளிர்ந்த மண்மேல் உறங்கும் கண்ணே" என்று தொடங்கும். அக்காள் அதை அம்மிக்கு முன்னால் பாடுவாள், கிணற்றடியில் பாடுவாள். ஆலயத்தில் ஒரு தடவைகூடப் பாடவில்லை.

இன்று ஆராதனை முடிந்து ஒத்திகை பார்த்தோம். இரண்டாம் குரலுக்கு ஆளே இல்லை. அந்த இடம் வந்ததும் எல்லோரும் நின்றோம். யோபு அண்ணன் தன் நாலாம் குரலை விட்டுவிட்டு அதைப் பாடிப் பார்த்தார். பாதி வரியில் தானே நிறுத்திக்கொண்டார்.

"வேண்டாம் தாயி. நான் பாடுனா தூங்குத பாலன் வீறிட்டு எந்திரிச்சிருவாரு."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஐயர் அந்த நான்கு வரிகளை எடுத்துவிடலாம் என்றார். எனக்குள் ஒரு பதில் எழுந்தது. அடக்கத்துக்குத்தான் பாடவில்லை, அவள் பங்கையும் வெட்டிவிட்டால் அப்புறம் அவளுக்கென்று இந்த ஆலயத்தில் என்ன இருக்கிறது? ஆனால் "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

செப்டம்பர் 29, சனி

அத்தான் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அத்தான் மாசிலாமணி ஆண்பிள்ளைகள் பள்ளியில் வாத்தியார். ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்னால் தாசிகள் ஆடும் சதிர்க் கச்சேரிகளில் பிடில் வாசித்தவர். அந்தப் பிழைப்பை விட்டுவிடுவதாகச் சொல்லித்தான் சபைக்குள் வந்தார். பிடிலை விற்கவில்லை. உறை போட்டுப் பரணில் வைத்திருந்தார்.

இன்று அது கீழே இருந்தது.

"நரம்பு ரெண்டு போயிருச்சு. நேத்து வேற மாத்துனேன்" என்றார், ஏதோ கூரைக்கு ஓலை மாற்றியதைச் சொல்கிறவர் போல. பிறகு என்னைப் பார்க்காமல் வாசித்தார். அக்காளின் பங்கு. ஒரு சுரம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூன்றாம் வரியில் அக்காள் மூச்சு விடத் தாமதிப்பாள்; அங்கே வில்லைத் தூக்கினார்.

"இதெல்லாம் எப்பப் பாடமாச்சு அத்தான்?"

"வீட்டுக்குள்ளயே கெடந்து கேட்டேம்லா. வேணும்னா கேட்டேன்?"

நான் முதல் குரலை எடுத்தேன். முடித்தபோது கஞ்சி ஆறிப் போயிருந்தது.

அக்டோபர் 6, சனி

அம்மாள் மலைக்குப் போகும்போது புத்தக அலமாரியின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். கரையான் பார்ப்பதற்காக. கரையானைவிட நான்தான் அதிகம் தின்றிருப்பேன்.

இன்று எடுத்தது அவர்கள் தேசங்களின் பழைய ஆலயப் பாட்டைப் பற்றியது. வெகுகாலம் ஆலயத்துக்குள் மனிதக் குரலுக்கு மட்டும்தான் இடம். கருவி என்றால் கூத்து, விருந்து, கள்ளுக்கடை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பிறகு மெல்ல உள்ளே வந்தபோது கருவி குரலுக்கு நிழலாகவே வந்தது. பாடகன் பாடுவதையே கூடவே வாசித்தது. பாடுகிறவன் வராத நாளில் அவன் பங்கை அது எடுத்துக்கொண்டது. பாட்டுத் தாளின் தலையிலேயே "பாடவோ வாசிக்கவோ" என்று போட்டிருப்பார்களாம். அப்புறம் வடக்கே முப்பது வருஷம் ஒரு சண்டை. சண்டையின் பின்னாலேயே கொள்ளைநோய். பாட ஆள் மிஞ்சவில்லை. பெரிய கூட்டங்களுக்குப் பாட்டுக் கட்டிப் பழகியவர்கள் இரண்டு குரலுக்கும் மூன்று குரலுக்கும் கட்டினார்கள்.

புத்தகத்தில் இது ஒரு பத்திதான். அடுத்த பத்தியில் ஆசிரியர் வேறு நகரத்துக்குப் போய்விடுகிறார். வராமல் போனவர்கள் யார், அவர்கள் பங்கை வாசித்தவர் அவர்களுக்கு என்ன உறவு என்று எழுதவில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

ஐயரிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவர் மூப்பர்களைக் கூட்டினார். நான் பெண்கள் வாசலில் நின்று கேட்டேன்.

மூப்பர் இஸ்ரவேல் எழுந்ததுமே குரலை உயர்த்தினார். "சதிர்ல தாசி காலுக்கு வாசிச்ச பிடில ஆலயத்துக்குள்ள கொண்டாரதா? அதுவும் ஆட்டு நரம்பு கட்டுன சாமான்!"

"மூப்பரே, பண்டிகை அசன விருந்துக்கு ஆட்ட ஆலய வளவுக்குள்ளயே அறுத்து அங்கனயே திங்கோம். நரம்ப மட்டும் ஏன் வெளிய நிறுத்துதிய?" என்றார் யோபு அண்ணன்.

"நீ மணி அடிக்கத்தானல வந்த? அத மட்டும் பாரு."

"அதுவும் வெண்கலம்தான மூப்பரே. அதுக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தா?"

ஐயர் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்தார். பிறகு, எழுதி வைத்துப் படிப்பது போன்ற தன் தமிழில் தீர்ப்புச் சொன்னார். "சகோதரர் மாசிலாமணி இரண்டாம் குரலை மாத்திரம் வாசிக்கலாம். சொந்தமாக ஒன்றையும் சேர்க்கலாகாது. அது பாடுகிறவருடைய இடத்தில் நிற்கிறது என்பதை மறக்கலாகாது."

நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அக்டோபர் 27, சனி

மழை. பஞ்சம் தீருமென்கிறார்கள். கூரை ஒழுகும் இடத்தில் பானை வைத்துவிட்டு ஒத்திகைக்குப் போனேன்.

அத்தான் என் பக்கத்தில் தூணோரம் நிற்கிறார். நான் தடுமாறினால் காத்திருக்கிறார். தன் முன்னோர் வழக்கம் அதுதான் என்றார்: குரல் நடந்து போகும், கருவி பின்னால் குடை பிடித்து வரும், முந்தக் கூடாது. "அவ பாடையில நான் வீட்டுல ஒரு நாளும் வாசிச்சதில்ல. வாசிச்சிருக்கலாம்" என்றும் சொன்னார்.

இன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன். இனி அதைப் பற்றி எழுத வேண்டாம்.

நவம்பர் 5, திங்கள்

அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி எப்சி, கிருபைக்குத் தாயி வேணும்லா. அக்கா எடத்துக்குத் தங்கச்சி போறதுதான நம்ம சனத்துல வழக்கம். வேத்துப் பொம்பள வந்தா பிள்ளைய என்ன பாடு படுத்துவாளோ. நான் மாசிலாமணிகிட்டச் சொல்லிட்டேன்."

நான் ஒரு கல்லை எடுத்துப் போட்டேன்.

"கெணத்தடியிலயும் சொல்லிட்டேன். எல்லாருக்கும் சந்தோசம்."

இன்னொரு கல்.

"அவிய ஒண்ணும் சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிட்டாவ" என்றாள் அம்மா, நான் கேட்காமலே.

அந்த அரிசியில் அதற்குப் பிறகு கல்லே இல்லை. இருந்தும் வெகுநேரம் பொறுக்கினேன்.

நவம்பர் 7, புதன்

தலையைக் குனிவது சம்மதத்தாலும் இருக்கலாம், சங்கடத்தாலும் இருக்கலாம். நான் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் பள்ளியில் எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு இடத்தில் தவறினேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

நவம்பர் 11, ஞாயிறு

கிணற்றடிப் பேச்சு ஐயர் காதுக்குப் போய்விட்டது. ஆராதனைக்குப் பிறகு என்னையும் அம்மாவையும் பங்களாவுக்கு அழைத்தார். நாற்காலி போட்டார். அம்மா தரையில்தான் உட்கார்ந்தாள்.

"மரித்த மனைவியின் சகோதரியை ஒருவன் விவாகம் செய்வதற்கு எங்கள் திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கிறதில்லை. அவள் அவனுக்கும் சகோதரியாகவே எண்ணப்படுகிறாள்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பயம் விட்டுப்போனது. "என்ன ஐயரே சொல்லுதிய? வேதத்துலயே ஒரே ஆளு அக்காளையும் தங்கச்சியையும் கட்டலியா? அதும் ரெண்டு பேரும் உசுரோட இருக்கையில!"

ஐயர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அது பழைய ஏற்பாட்டின் காலம், அம்மா."

"பிள்ளைக்குத் தாயி வேண்டியது எல்லாக் காலமும்தான்."

அவர் மெதுவாகத்தான் பேசினார். கல்நெஞ்சக்காரர் இல்லை. இப்படி ஒரு பேச்சு ஊரில் நடந்துவிட்ட பிறகு நானும் அத்தானும் ஒரே பாட்டில் சேர்ந்து நிற்பது இடறலாகும் என்றார். முதல் குரலை எங்கள் பள்ளி விடுதிப் பெண் செல்லத்தாய்க்குப் பழக்கலாம். அல்லது நான் பாடலாம். அப்படியானால் பிடில் இல்லை, அந்த நான்கு வரியும் இல்லை. "எது என்று நீங்களே தீர்மானித்துச் சொல்லுங்கள்."

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டு வாசலில் நின்று, "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ட்டி" என்றாள். இல்லை அம்மா என்றேன்.

நவம்பர் 12, திங்கள்

நான் பாடினால் அக்காள் இல்லை. நான் விலகினால் அக்காள் உண்டு. கணக்கு இவ்வளவுதான்.

ஐயரிடம் போய், செல்லத்தாய் பாடட்டும், நான் விலகிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கல்யாணத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் 13, செவ்வாய்

அத்தான் வந்தார். உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே நின்றார், ஊர் பார்க்கட்டும் என்பது போல.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"அக்கா பாடணும் அத்தான்."

"அவ பாடுனது உன் கூட. நீ இல்லாம அவ யாரு கூடப் பாடுவா?"

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"மூணாவது வரியில அவ மூச்சுக்கு நிக்கான்னுதான நெனச்சுக்கிட்டிருக்க? அவளுக்கு ஒரு மூச்சுல ஆறு வரி போவும். உனக்குப் பத்தாது. நாலு வரி முடிஞ்சதும் நீ உச்சியில எடுக்கணும்லா, அதுக்கு உனக்கு மூச்சு சேரட்டும்னு அவ அங்கன நிப்பா. எங்கிட்டச் சொல்லியிருக்கா. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொல்லியிருக்கா."

கீரைக் காம்பு ஒன்று கையோடு வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செல்லத்தாய்க்கும் மூச்சுப் பத்தாது அத்தான். அவளுக்கும் நின்னு குடுங்க" என்றேன்.

அவர் வேலியில் சாய்ந்திருந்த ஒரு முள்ளை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "சரி" என்றார். அது எதற்கான சரி என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டிசம்பர் 1, சனி

செல்லத்தாய் நல்ல பெண். சுருதி நிற்கிறது. சொல் தெளிவு போதாது. நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒத்திகைக்கு மட்டும் போவதில்லை.

"எப்சியக்கா, பிடில் அண்ணாச்சி என்னையப் பாக்கவே மாட்டேங்காவ. தூணப் பாத்தே வாசிக்காவ. எனக்குப் பயமா இருக்கு. நான் என்னமும் தப்பாப் பாடுதேனா?"

"இல்லட்டி. நீ நல்லாத்தான் பாடுத."

"அப்ப ஏன் பாக்கல?"

"சுரத்துல கவனம்" என்றேன்.

டிசம்பர் 16, ஞாயிறு

ஐயர் அத்தானை வடக்கே வேறொரு மிஷன் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார். பண்டிகை முடிந்ததும் போக வேண்டும். அங்கே ஓர் உபதேசியாருடைய மகள், பிள்ளை இல்லாத விதவை, நல்ல குணம் என்று சொல்கிறார்கள். ஐயரே பேசி முடித்திருக்கிறார். கிருபையும் போகிறாள்.

அம்மா அவளுக்கு இரண்டு பாவாடை தைக்கிறாள். ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

டிசம்பர் 25, செவ்வாய்

பாட்டு நடந்தது. இன்று எழுத முடியவில்லை.

டிசம்பர் 26, புதன்

ஆலயம் நிறைந்திருந்தது. மழை பெய்ததால் ஓலைத் தோரணம் பச்சையாகவே இருந்தது. நான் பெண்கள் பக்கம் பாயில், கிருபையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதுவரை அந்தப் பாட்டைப் பாடத்தான் செய்திருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து கேட்டதில்லை. செல்லத்தாய் தெளிவாக எடுத்தாள். யோபு அண்ணன் அடியில் தாங்கினார். பிடில் அடங்கிப் பின்னால் போயிற்று, குடை பிடிப்பது போலவே.

பிறகு மூன்று குரலும் ஓய்ந்தன. அக்காளுடைய இடம் வந்தது.

நான் எதிர்பார்க்காதது இதுதான். சொல் நின்றதும் பாட்டு நின்றுவிட்டதாக ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். எங்கள் ஆலயத்தில் சொல் இல்லாமல் எதுவும் நடந்ததில்லையே. முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். ஆண்கள் பக்கத்தில் இருமினார்கள். மூப்பர் இஸ்ரவேல் கணீரென்று "ஆமென்" என்றார். அதைத் தொடர்ந்து ஆலயம் முழுக்க ஆமென். என் பக்கத்துக் கிழவி, "முடிஞ்சிட்டா? அசனத்துக்கு எல எடுத்தாந்தியா?" என்று கேட்டாள். அத்தான் தூணைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். முதல் வரி அப்படியே போய்விட்டது. அக்காள் அங்கே பாடிக்கொண்டிருந்தாள். ஒருவரும் அது அவள் என்று அறியவில்லை.

இரண்டாம் வரியில் நான் பாடினேன்.

எழுந்து நிற்கவில்லை. பாயில் இருந்தபடியே, அக்காளின் பங்கை, அவள் சொற்களோடு பாடினேன். என் குரலுக்கு அது தாழ்வு. ஆனாலும் வந்தது. தலைகள் திரும்பின. பேச்சு அடங்கியது. வில் என் குரலுக்குக் கீழே வந்து சேர்ந்துகொண்டது. மூன்றாம் வரியில் அவர் வில்லைத் தூக்கினார். நானும் நின்றேன். ஆலயத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு நான்காம் வரியை இரண்டு பேரும் சேர்ந்து முடித்தோம்.

அத்தான் அப்போதும் திரும்பவில்லை. கிருபை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 28, வெள்ளி

ஐயர் கூப்பிட்டனுப்பினார். அம்மா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

"நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்" என்றார்.

"ஆமா ஐயரே."

"மூப்பர்கள் மிகவும் வருத்தப்படுகிறார்கள். ஆராதனையின் நடுவில், எல்லோருக்கும் முன்பாக, நீங்கள் செய்தது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?"

வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த நியாயங்களையும் அந்தப் புத்தகத்தையும் விட்டுவிட்டேன்.

"எங்க அக்காள அடக்கம் பண்ணுனேன் ஐயரே."

அவர் எழுந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்தே, "அந்த நாளில் நான் படுக்கையில் இருந்தேன்" என்றார்.

"தெரியும் ஐயரே. உங்களக் குத்தம் சொல்லல."

"மாசிலாமணி வியாழக்கிழமை புறப்படுகிறார். அதன் பிறகு நீங்கள் முதல் குரலுக்குத் திரும்புவதில் எனக்குத் தடை இல்லை."

"செல்லத்தாயே பாடட்டும். எனக்கு ரெண்டாம் குரல் தாங்க."

அது என் குரலுக்குச் சேராது என்று அவருக்கும் தெரியும். சரி என்று தலையசைத்தார்.

1878 ஜனவரி 6, ஞாயிறு

வியாழக்கிழமை வண்டி போயிற்று. அத்தான் அம்மாவின் காலைத் தொட்டார். என்னிடம், "வாறேன்" என்றார். "பாத்துப் போங்க அத்தான்" என்றேன். கிருபைக்கு மாட்டு வண்டியில் ஏறிய குஷி. வளைவு திரும்பும்வரை எங்களுக்குக் கையசைக்க மறந்துவிட்டாள்.

இன்று இரண்டாம் குரல் பாடினேன். தாழ்ந்த இடத்தில் தொண்டை கரகரத்தது. பழகிவிடும் என்கிறார் யோபு அண்ணன். பிடிலும் வாத்தியாரும் போய்விட்டதால் இனி யார் வாசிப்பது என்று மூப்பர் இஸ்ரவேலே விசாரித்தார். ஆராதனை முடிந்ததும் செல்லத்தாய் ஓடி வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு எனக்கு எங்கயுமே மூச்சு முட்டல. ஏன்னு தெரியல."

"பாடப்பாட வந்துரும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வெந்நீர் வைத்தேன்.